மைனஸ் நாலு

கதிர்,

நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வயிறு நலம். முட்டி நலம். உன் கல்யாணத்தில் மிஞ்சிய லட்டுப் படையை ஒற்றை ஆளாக எதிர்த்து நின்று முறியடித்த பற்களும் நலம். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நீ மருமகளைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்ப் பதினெட்டு நாளாகிறது. இந்தக் கடிதத்தைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, உனக்கு மட்டுமல்லாமல் நம் குடும்பக் குரூப்பிலும் போடப் போகிறேன். கரியமாணிக்கத்தில் இருக்கும் என் சித்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படிக்கட்டும். ஏழு வருஷத்துக்கு முன் சொந்தபந்தம் கூடிய இடத்தில், மைக்கில், ஒரு பொய் சொன்னேன். அதை இப்போது உன் காதோடு காதாகத் திருத்திவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

உன் மனைவி கீபோர்டைக் கண்ணால்கூடப் பார்க்காத வீட்டிலிருந்து வந்தவள். அவளும் படிக்கப்போவதால் ஆதியிலிருந்து சொல்கிறேன். மருமகளே, உன் மாமனார் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்ற மூன்று கொம்யூன் பஞ்சாயத்துகளையும் ஒரு குடையின் கீழ் ஆண்ட கீபோர்டு சக்கரவர்த்தி. பட்டத்தை நானேதான் சூட்டிக்கொண்டேன், ஆனால் யாரும் மறுத்ததில்லை. சக்கரவர்த்தியின் சேனை மொத்தம் மூன்று பேர். நான், தாளத்துக்கு ரிதம் பேட் தட்டும் சேகர், பாடுகிறவள் உன் மாமியார். மற்ற பதினைந்து வாத்தியக்காரர்களும் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள். இடது கையால் மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தி நான் கார்டு பிடித்தால் உள்ளேயிருந்து தபேலாவும் கிட்டாரும் வயலின் கூட்டமும் எழுந்து வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தத் தாளம், எவ்வளவு வேகம், எந்த ஸ்கேல், அதாவது எந்தச் சுருதி என்பதை முடிவு செய்து ஒரு பொத்தானில் சேமித்து வைத்துவிட்டால், மேடையில் அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும். எட்டுப் பொத்தான் சேர்ந்தது ஒரு பேங்க். முதல் பொத்தான் பிள்ளையாருக்கு. காதுகுத்து என்றால் ஏழாம் பொத்தானில் கூரை பிய்ந்துபோகிற குத்துப்பாட்டு இருக்கும். குழந்தை வீறிடும் அந்த வினாடியில் அதை அழுத்துவேன். பாண்டிச்சேரிக் கடல் வந்து அழுதாலும் வெளியே கேட்காது.

பாட்டுகள் இருநூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றை நான் அடுக்கி வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்த பிரம்மதேவன் தன் தொழிலை விட்டுவிட்டதாகக் கேள்வி. பாட்டின் பெயரில் எதையும் சேமிக்க மாட்டேன். பாகூரில் மழை வந்து பந்தல் சாய்ந்த அன்று வாசித்த பாட்டுக்கு 'மழை' என்று பெயர் வைத்தேன். அது மாரியம்மன் பாட்டு. திருபுவனையில் ஒரு கம்பெனி ஆயுத பூஜைக்கு வாசித்த பாட்டின் பெயர் 'ஷிப்ட்டு'. அது ஒரு தாலாட்டு. ஜனம் கேட்கிற பாட்டைத் தேடி நான் பேங்க் பேங்க்காக ஓட, கதிர், உன் அம்மா மைக்கில் ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டேயிருப்பாள். வணக்கத்துக்குப் பெரியவர்கள் தீர்ந்துபோய், ஒருமுறை பந்தல் போட்டவருக்கும் ஜெனரேட்டருக்கும்கூட வணக்கம் சொன்னாள்.

அவளிடம் அந்தக் குழப்பமே கிடையாது. அவளுக்கு ஒரு நீல அட்டை நோட்டு. பாட்டு முழுக்க முத்து முத்தாக எழுதி, தலையில் ஸ்கேலைக் குறித்திருப்பாள். பாதிக்கு மேல் டி என்ற சுருதி. பக்கத்து ஊர்ப் பாடகி ஒருத்தி, வயசானதும் ஸ்கேலைக் குறைத்துப் பாடுகிறாள் என்று கேள்விப்பட்டபோது உன் அம்மா சிரித்தது உனக்கு நினைவிருக்கும். "எறங்க ஆரம்பிச்சா எறங்கிக்கினேதான் போவணும். நான் டி-ல பாட வந்தவ. டி வரலன்னா அன்னிக்கே மைக்க வெச்சிட்டுப் பூடுவேன்" என்றாள். நீ கூட "அம்மா டயலாக் செம" என்று கைதட்டினாய். நானும் தட்டினேன். அந்த நேரத்தில் அவளுடைய டி பாட்டுகளெல்லாம் டி-யிலிருந்து இரண்டு படி வரை கீழே கிடந்தன. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது ஆரம்பித்தது ஒரு காய்ச்சலில். பாகூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. காலையிலிருந்து அவளுக்கு உடம்பு அனல். வேண்டாம் என்றால் கேட்கிறவளா? டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதில் மைனஸ் ஒன்று வைத்தால் என் விரல் டி-யிலேயே இருக்கும், பெட்டியிலிருந்து வரும் சத்தம் மட்டும் அரைப்படி இறங்கும். விரலைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சேகருக்குச் சுருதி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. அன்று வைத்தேன். அவள் பாடியதைக் கேட்டு, மிகையாகச் சொல்லவில்லை, கோபுரத்துப் புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன. இறங்கி வந்து, "பாத்தீங்களா, காய்ச்சல்லயும் என் தொண்ட இன்னா மாரி நிக்குது" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. காய்ச்சல் போன பிறகும் மைனஸைத் திருப்பி எடுக்கவில்லை. அதன்மேலேயே சேமித்துவிட்டேன். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, உச்சத்தில் அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஒன்று. மைனஸ் இரண்டு. மைனஸ் மூன்று. கடைசியில் நாலு.

பாசத்தால் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் நிஜம். மீதியையும் எழுதிவிடுகிறேன். அவளுக்குத் தெரியாமல் அவளை நான் தாங்குகிறேன் என்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. ஜனம் அவளுக்குக் கைதட்டும்போது, இதில் பாதி எனக்கு வரவேண்டியது என்று மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். நீ புதிதாகக் குடித்தனம் நடத்துகிறவன். அதனால் சொல்கிறேன். உன் பெண்டாட்டிக்காக நீ எதையாவது குறைத்துக்கொள்ள வேண்டி வரும், அவளும் உனக்காகக் குறைத்துக்கொள்வாள். சொல்லிவிட்டுக் குறை. கோபப்பட்டாலும் சொல். சொல்லாமல் செய்கிற உதவியில் கொஞ்சம் திருட்டும் இருக்கிறது. நான் அதைப் பல வருஷம் செய்தேன்.

பிறகு நீ வந்தாய். காலேஜில் இரண்டாம் வருஷம் முடித்து லீவுக்கு வந்த நீ, நான் ஒரு பாட்டைத் தேடி அரை மணி நேரம் அல்லாடியதைப் பார்த்துவிட்டு, "இத்த ஒரு ஆளு அடுக்கணும்பா" என்று லேப்டாப்போடு உட்கார்ந்தாய். இரண்டு பகல் எழுந்திருக்கவில்லை. கோயில், கல்யாணம், காதுகுத்து, ஜனம் கேட்பவை என்று தனித்தனியாகப் பிரித்தாய். ஒவ்வொன்றுக்கும் பாட்டின் முதல் வரியையே பெயராக வைத்தாய். ஒவ்வொரு பேங்க்கிலும் எட்டாம் பொத்தானை, திடீரென்று வரும் பாட்டுக்கென்று காலியாக விட்டாய். எனக்கு இருபது வருஷமாகத் தோன்றாத புத்தி அது. எதிரே அம்மாவின் நோட்டு விரிந்திருந்தது. அதில் உள்ள ஸ்கேலையும் பெட்டியில் உள்ளதையும் நீ ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

"அப்பா, அம்மா பாட்டுல மட்டும் மைனஸ் நாலு, மைனஸ் மூணுன்னு இருக்குதே, இன்னாத்துக்கு?"

அம்மா அங்கேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தலை நிமிர்ந்தது. நான் கண நேரம்கூட யோசிக்கவில்லை. "அது பொட்டி கோளாறுடா. எல்லாத்தயும் ஜீரோ பண்ணிடு" என்றேன்.

"நோட்டுல இருக்கற மாரியே வெச்சிடவா?"

"வெய்யி, வெய்யி."

இதுதான் நடந்தது. சித்தி, நீயும் படித்துக்கொள். அவன் தானாக எதையும் தொடவில்லை. நான் சொல்லி, அவன் செய்தான். அவன் வைத்தது அவள் நோட்டில் அவளே எழுதி வைத்திருந்த ஸ்கேல்.

பழைய வரிசை இன்னொரு பென் டிரைவில் என்னிடம் இருந்தது. கச்சேரிக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் அதை ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அடுத்த கச்சேரி கரியமாணிக்கத்தில் சித்தியின் பேத்திக்குக் காதுகுத்து. கரும்பு வெட்டு முடிந்திருந்த சமயம், அதனால் மண்டபம் கொள்ளாத கூட்டம். காலை பதினொரு மணி வெயிலில் பெட்டியைத் திறந்தபோது, சேகர் எட்டிப் பார்த்து, "அண்ணே, யாருண்ணே இத்தினி அழகா அடுக்கனது?" என்றான். எனக்குத் தலை கால் புரியவில்லை. "நம்ம இஞ்சினீயர்" என்று ஒவ்வொரு பேங்க்காகத் திறந்து காட்டினேன். காட்டிக்கொண்டே இருந்தேன். சமையல்காரர் வரைக்கும் கூப்பிட்டுக் காட்டினேன். நீ மேடைக்குப் பக்கத்தில் வெட்கத்தோடு நின்றாய். அந்தப் பெருமையில் பழைய பென் டிரைவ் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. கதிர், உன்னைப் பற்றி நான் பெருமைப்பட்ட அந்தக் கால் மணி நேரம்தான் உன்னைக் கவிழ்த்தது.

பிள்ளையார் பாட்டு தாழ்வாகவே போகிற பாட்டு, தப்பித்துவிட்டது. இரண்டாவது, ஜனம் அவளிடம் விரும்பிக் கேட்கும் அம்மன் பாட்டு. சரணத்தில் ஒரே மூச்சில் மேலே ஏற வேண்டும். முதல் அடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, பழைய வரிசையை நான் ஏற்றவே இல்லை. அவள் ஏறினாள். பாதியில் குரல் கிழிந்தது. பந்தியில் சாம்பார் வாளியோடு போனவர் அப்படியே நின்றார். யாரோ, "அக்கா, தண்ணி குடிச்சிட்டுப் பாடுக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினாள். மறுபடி கிழிந்தது. பின்னால் விசில் ஒன்று கேட்டது. அவள் என் பக்கம் திரும்பி என் விரல்களைத்தான் பார்த்தாள். விரல்கள் டி-யில் இருந்தன.

டிரான்ஸ்போஸை நாலு முறை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? கொட்டாவி விடுகிற நேரத்தில் பாதி. அழுத்தினால் அத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்துபோகும் என்று பயந்தேன். அழுத்தாமல் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, சிரித்துக்கொண்டே, "மன்னிக்கணும் சொந்தங்களே, நம்ம இஞ்சினீயர் ஸ்கேல ஏத்தி வெச்சிட்டாரு. படிச்ச புள்ளைங்கள வூட்டுப் பொட்டியத் தொட வுட்டா இதான் கதி" என்றேன். மண்டபம் சிரித்தது. நான் அந்த மேடையில் எத்தனையோ ஜோக் சொல்லியிருக்கிறேன், எதற்கும் அவ்வளவு சிரித்ததில்லை. நீயும் சிரிக்கப் பார்த்தாய். உன் வாய் மட்டும் அசைந்தது.

திரும்பி வரும்போது, அம்மா சாமான் வண்டியில் வர, நீ என் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாய். என் முதுகிடம் கேட்டாய். "நான் ஏத்தலயேப்பா. நீ சொன்ன மாரிதான ஜீரோ வெச்சேன்? அப்ப அந்த மைனஸ்தான் அம்மா பாடிக்கினு இருந்ததா?" நான் வண்டியை நிறுத்தவில்லை. "அம்மாகிட்ட இத்தப் பேசாத. தாங்க மாட்டா" என்றேன். "சரிப்பா" என்றாய். அவ்வளவுதான். பத்தொன்பது வயசுப் பிள்ளையின் வாயை நான் ஐந்து வார்த்தையில் பூட்டினேன்.

மறுநாள் அம்மா என்னைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டாள். "தம்பி, ஒன் போன்ல டி வையி." நீ சுருதிப் பெட்டியைப் போனில் போட்டாய். போனுக்குப் பொய் சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை. அது அசல் டி. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சரணத்தைப் பாடிப் பார்த்தாள். வரவில்லை. நாலு முறை பார்த்தாள். "நேத்து ஏத்தி வெச்சதுல தொண்ட கிழிஞ்சிபோச்சு போல. இப்ப டி கூட வரல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அவன் தெரியாம பண்ணிட்டான். திட்டாதீங்க" என்றாள். நீ செய்யாத குற்றத்துக்கு அவள் உன்னை மன்னித்தாள். நீ போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் அருகிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. மருந்துக் கடை, மாத்திரை, மிளகுக் கஷாயம். மாதா கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து தொண்டையில் தடவிக்கொண்டாள். பெரிய கோயிலில் ஒரு மண்டலம் விளக்குப் போட்டாள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "ஒண்ணும் இல்லம்மா, தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றார். இவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நல்லா இருக்கற தொண்ட ஒரே நாள்ல எப்பிடிங்க போவும்?" என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே பதில் தெரிந்த ஒரே ஆள் நான். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அந்த வருஷமே கச்சேரிக்கு வேறு பெண்ணைக் கூப்பிட்டேன். அவளுக்கு என்ன ஸ்கேல் வேண்டும் என்று அவளிடமே கேட்டு வைத்தேன். பார், எனக்குக் கேட்கத் தெரியாமல் இல்லை.

உறவில் இது வேடிக்கைக் கதையானது. நீ எந்த விசேஷத்துக்குப் போனாலும், "வாடாப்பா, ஆத்தா தொண்டய அடச்சவனே" என்பாள் சித்தி. மனசில் ஒன்றும் இல்லாதவள், வாய் அப்படி. நீ வருவதைக் குறைத்துக்கொண்டாய். உள்ளூரிலேயே வேலை கிடைத்தும் ஓசூருக்குப் போனாய். காரணம் கேட்டவர்களிடம் சம்பளம் என்றாய். உன் கல்யாண மண்டபத்தில், சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்க்க, சித்தி மறுபடியும் அதே கதையைச் சொன்னாள். மருமகள் உன் பக்கம் திரும்பி, "நிஜமாவா?" என்று கேட்டாள். நீ மாலையைச் சரிசெய்துகொண்டு, "ஆமா, நான்தான் கெடுத்துட்டேன்" என்று சிரித்தாய். நான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். கட்டிக்கொண்ட நாளிலேயே, கட்டியவளிடம் என் பொய்யை உன் பொய்யாகச் சொன்னாயே, அந்த வெற்றிலை இன்னும் எனக்கு உள்ளே போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் பெருக்காமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். மடித்துக்கொண்டிருந்த வேட்டியை முடித்து வைத்துவிட்டு, "எந்தெந்தப் பாட்டு?" என்றாள். பழைய பென் டிரைவை ஏற்றி ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, டி என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் மைனஸ் ஒன்று, மைனஸ் மூன்று, மைனஸ் நாலு என்று எழுதிக்கொண்டே வந்தாள். மத்தியானம் வரை ஆனது. உலை வைக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் கேட்டாள்.

"அப்ப அந்தக் கைத்தட்டுலாம் யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

"எறக்குனது நீங்க. பாடுனது நானு. எறக்கித்தான் பாடறேன்னு தெரிஞ்சி பாடியிருந்தா, அது எனுது. இப்ப எது எனுதுன்னு நான் எப்பிடித் தெரிஞ்சிக்கறது?"

மூன்று கொம்யூன் சக்கரவர்த்தி பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நோட்டை மூடிவிட்டு, "புள்ளைக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும், நான்தான் பேச வேண்டாம் என்று தடுத்துவிட்டேன் என்றேன். அப்போதுதான் அழுதாள். தன் குரலுக்காக வராத அழுகை உனக்காக வந்தது. "ஏழு வருஷம் அவன மன்னிச்சிக்கினு இருந்தேனே, பாவி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். இன்று விடியற்காலை பையை எடுத்துக்கொண்டு, பாண்டிச்சேரி பஸ்ஸில் தனியாக ஏறிவிட்டாள். அங்கிருந்து உன் ஊருக்கு வருகிறாள். வில்லியனூரைத் தாண்டித் தனியாகப் போய்ப் பழக்கமில்லாதவள். சாயங்காலத்துக்குள் உன் வாசலுக்கு வந்துவிடுவாள். வழியில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள், முதலில் சோறு போடச் சொல்.

பிறகு உன்னைக் கேட்பாள். தெரிந்தே ஏன் சொல்லவில்லை என்று அடித்தாலும் அடிப்பாள். வாங்கிக்கொள். பேச வேண்டாமென்று நான் தடுத்ததாகச் சொல். இந்தக் கடிதத்தைக் காட்டு. உன் சுபாவம் எனக்குத் தெரியும், அவள் என்னைத் திட்ட ஆரம்பித்ததும் "அப்பா பாவம்மா" என்று குறுக்கே வருவாய். வராதே. ஏழு வருஷம் என்னைக் காப்பாற்றியது போதும். கோபப்பட ஆள் இல்லாமல் அவள் இத்தனை நாளும் தன் தொண்டையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஆள் கிடைத்திருக்கிறேன். அவள் ஆற அமரக் கோபப்படட்டும். திரும்பி வரச் சொல்லி அவளிடம் எனக்காகக் கேட்காதே.

அப்பா